கன்ட்ரோலர் படுத்தால் ஸ்விட்சும் படுக்குமா? பல வருடம் பயன்படுத்தியதில் கண்டது

மெய்நிகர் ஸ்விட்சுகளோடு (விஎம் எனும் மெய்நிகர் கணினிகளை நெட்வொர்க்கோடு இணைக்கும் மென்பொருள்) குப்பை கொட்ட ஆரம்பித்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. வேலையில் விஎம்வேரின் டிஸ்ட்ரிபியூட்டட் ஸ்விட்ச், சொந்தச் சோதனைக் கணினிகளில் ஓபன் விஸ்விட்ச். வேகம் எப்படி, வசதி எப்படி என்றெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கட்டளை போடும் பகுதி, அதாவது கன்ட்ரோலர், செத்துப்போனால் இவை என்ன செய்கின்றன என்பதை மட்டும் எழுதுகிறேன். என் தூக்கத்தைக் கெடுத்தது அது ஒன்றுதான்.

முதலில் விஎம்வேர். அதன் டிஸ்ட்ரிபியூட்டட் ஸ்விட்ச் 2009-இல் விஸ்பியர் 4 மென்பொருளுடன் வந்தது. பெயரைக் கேட்டால் எல்லா ஹோஸ்ட்டுகளையும் (விஎம்களை ஓட்டும் சர்வர்கள்) தழுவியபடி ஒரே பெரிய ஸ்விட்ச் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு ஹோஸ்ட்டிலும் தனி ஸ்விட்ச்தான் ஓடுகிறது; விசென்டர் என்ற மேலாண்மை மென்பொருள் எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பை எழுதிக் கொடுக்கிறது. அதன் நகல் ஹோஸ்ட்டுக்குள்ளேயே ஒரு கோப்பில் கிடக்கும். ஒரு பாக்கெட்கூட விசென்டர் வழியாகப் போவதில்லை.

ஆகவே விசென்டர் படுத்தால் வெளியே ஒன்றுமே தெரியாது. ஒருமுறை வார இறுதி முழுக்க அது விழுந்து கிடந்தும் யாரும் ஃபோன் செய்யவில்லை. விலேன் பிரிவுகள் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிப்பவை), டிராஃபிக் வரம்புகள், எல்லாம் அப்படியே ஓடின. ஹோஸ்ட் ஒன்று செத்தாலும் பயமில்லை. விஎம்மின் போர்ட் விவரம் டேட்டாஸ்டோரில் (விஎம் கோப்புகளின் சேமிப்பிடம்) ஒரு மறைவான ஃபோல்டரில் இருப்பதால், ஹெச்ஏ (செத்த ஹோஸ்ட்டின் விஎம்களை மீட்கும் வசதி) அதை வேறு ஹோஸ்ட்டில் எழுப்பிவிடும். விமோஷன் (ஓடும் விஎம்மை வேறு ஹோஸ்ட்டுக்கு நகர்த்துவது) கிடையாது, டிஆர்எஸ் (சுமையைத் தானாகப் பகிர்வது) கிடையாது, அமைப்பை மாற்ற முடியாது. அவ்வளவுதான் இழப்பு என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதிதான் வினை. விசென்டரே ஒரு விஎம். அதை நான் அதே டிஸ்ட்ரிபியூட்டட் ஸ்விட்சில், இயல்பாக வரும் ஸ்டேட்டிக் பைண்டிங் (விஎம்முக்குப் போர்ட்டை நிலையாக ஒதுக்கும் முறை) போர்ட் குரூப்பில், அதாவது ஒரே அமைப்புள்ள போர்ட்டுகளின் தொகுப்பில், மாட்டி வைத்திருந்தேன். ஒருநாள் அந்த விஎம்மின் டிஸ்க் கெட்டுப்போய் பேக்கப்பிலிருந்து மீட்க வேண்டி வந்தது. மீட்டது புது விஎம்மாக வந்து நின்றது. நெட்வொர்க் கார்டை மாட்டலாம் என்று ஹோஸ்ட்டில் நேரடியாக நுழைந்தால், எஃபெமரல் (தற்காலிகப் போர்ட்) வகை அல்லாத போர்ட் குரூப்பில் மாட்ட வழியில்லை என்று மறுத்துவிட்டது. ஸ்டேட்டிக் பைண்டிங்கில் போர்ட்டை ஒதுக்கும் அதிகாரம் விசென்டருக்கு மட்டும்தான். விசென்டர் எழ நெட்வொர்க் வேண்டும், நெட்வொர்க் கொடுக்க விசென்டர் வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிவிட்டேன்.

வெளியே வந்த வழி இதுதான். அந்த ஹோஸ்ட்டில் டிஸ்ட்ரிபியூட்டட் ஸ்விட்சுக்கு இரண்டு அப்லிங்க் (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் இணைப்பு) இருந்தன. கமாண்ட் லைனில் ஒன்றைப் பிடுங்கி, புதிதாக ஒரு சாதாரண விஸ்விட்ச் உருவாக்கி அதில் சேர்த்தேன். அதே விலேன் எண்ணோடு ஒரு போர்ட் குரூப், அதில் விசென்டர். எழுந்தது. பிறகு எல்லாவற்றையும் பழைய இடத்துக்கு நகர்த்தினேன். எழுதும்போது நான்கு வரி, அன்று மூன்று மணி நேரம். அப்லிங்க் ஒன்றே ஒன்றாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்னும் நினைத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அன்றிலிருந்து மேலாண்மை விலேனுக்கு எஃபெமரல் வகைப் போர்ட் குரூப் ஒன்று எப்போதும் தயாராக இருக்கும். இதில் ஹோஸ்ட்டே போர்ட் ஒதுக்கும். ஆனால் விசென்டர் உயிரோடு இருக்கும்போதே உருவாக்கி வைக்க வேண்டும். தீப்பிடித்த பிறகு கிணறு வெட்ட முடியாது. எல்லா விஎம்களையும் இதில் தள்ளிவிடலாமே என்றால், வேண்டாம். விஎம்மை அணைத்தால் போர்ட்டும் அதன் புள்ளிவிவரமும் போய்விடும். மீட்புக்கு மட்டும் போதும். 5.1 பதிப்பில் வந்த அமைப்பு ஏற்றுமதி வசதியையும் விடாமல் பயன்படுத்துகிறேன்.

ஓபன் விஸ்விட்ச் வேறு மாதிரி. இங்கே நம்மிடமே கேட்கிறார்கள்: கன்ட்ரோலர் (ஸ்விட்சுக்கு விதிகளை எழுதித் தரும் தனி நிரல்) போனால் என்ன செய்யட்டும்? விடை இரண்டு, ஸ்டாண்ட்அலோன் அல்லது செக்யூர். ஒன்றும் சொல்லாமல் விட்டால் ஸ்டாண்ட்அலோன். கன்ட்ரோலரிடமிருந்து குறிப்பிட்ட இடைவெளியைப் போல மூன்று மடங்கு நேரம் பேச்சே இல்லையென்றால், ஸ்விட்ச் தானே பொறுப்பேற்றுக்கொண்டு எந்த மேக் முகவரி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று தானே கற்கும் சாதாரண ஸ்விட்சாக மாறிவிடும். இடைவெளி 5 நொடி என்றால் கால் நிமிடம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என்னிடம் மூன்று ஹோஸ்ட்டுகள், ஒவ்வொன்றும் மற்ற இரண்டோடும் விஎக்ஸ்லேன் டனலில் (நெட்வொர்க்கின் மேலே போடும் மெய்நிகர் இணைப்பு) இணைந்தவை. டனலில் வந்ததை இன்னொரு டனலில் அனுப்பாதே என்ற விதியைக் கன்ட்ரோலர்தான் போட்டிருந்தது. அதை நிறுத்திப் பார்த்தேன். விதி போனது; மூன்று ஹோஸ்ட்டும் முக்கோணமாகச் சுற்றுப்பாதை ஆயின. சுற்றைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ நாமாக இயக்கினால்தான் உண்டு. முகவரி கேட்டு எல்லோருக்கும் போகும் ஒரே ஒரு ஏஆர்பி கேள்வி சுற்றிச் சுற்றி எல்லாக் கோடுகளையும் நிரப்பிவிட்டது. இரண்டு கேபிளைப் பிடுங்கிய பிறகுதான் அடங்கியது.

இன்னொன்றும் உண்டு. எந்த விஎம் எதோடு பேசலாம் என்ற கட்டுப்பாட்டை ஃப்ளோ விதிகளில் (பாக்கெட்டை என்ன செய்வது என்று சொல்பவை) எழுதியிருந்தால், ஸ்டாண்ட்அலோனில் அதுவும் காற்றோடு போகும். போர்ட்டில் போட்ட விலேன் எண் மட்டும் மதிக்கப்படும். எனக்குச் சுற்றுப்பாதையைவிட இது பெரிய பயம், ஏனென்றால் எதுவும் நிற்காது, யாருக்கும் தெரியாது.

இப்போது எல்லா பிரிட்ஜும் (ஓபன் விஸ்விட்சில் ஸ்விட்சுக்கு அதுதான் பெயர்) செக்யூரில்தான். இருக்கும் விதிகளை வைத்துக்கொண்டு ஓடும், தானாக எதையும் சேர்க்காது. விதிகளுக்குக் காலாவதி வைத்திருந்தால் அவை ஒவ்வொன்றாக உதிரும். அதனால் முன்கூட்டியே, காலாவதி இல்லாமல் எழுதி வைக்கிறேன். அப்படியும் ஹோஸ்ட் ரீபூட் ஆனால் அட்டவணை வெறுமை, கன்ட்ரோலர் வரும்வரை மௌனம்தான். பிரிட்ஜ், போர்ட் விவரங்கள் தரவுத்தளக் கோப்பில் தங்கும். ஃப்ளோ விதிகள் தங்காது. இந்த வித்தியாசம் புரிய எனக்கு ஒரு ரீபூட் தேவைப்பட்டது.

கன்ட்ரோலரை விட்டுவிட்டு ஸ்விட்சின் சொந்த டெமனையே (பின்னணியில் ஓடும் நிரல்) கொன்றும் பார்த்தேன். பல்லியின் அறுந்த வால் மாதிரி இயங்குதளத்தின் கெர்னலுக்குள் இருக்கும் பகுதி துடித்துக்கொண்டே இருந்தது: ஏற்கெனவே திறந்திருந்த எஸ்எஸ்ஹெச் (தொலைநுழைவு) இணைப்பு அறுபடவில்லை, புதிய இடத்துக்குப் போன இணைப்பு மட்டும் தொங்கியது. பழைய பதிவுகளைச் சுத்தம் செய்வதும் அதே டெமன்தான் என்பதால், அவை அழிக்க ஆளில்லாமல் அப்படியே கிடந்தன. தரவுத்தள டெமனைக் கொன்றபோது போக்குவரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டளை கொடுத்தால் பதிலே வராது. கெர்னலைத் தவிர்க்கும் டிபிடிகே வைத்து ஓட்டுபவர்கள் இதை நம்பிக் கொல்ல வேண்டாம். அங்கே பாக்கெட்டை நகர்த்துவதே அந்த டெமன்தான், மொத்தமும் அந்தக் கணமே நின்றுவிடும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை விசென்டரை வேண்டுமென்றே அணைத்துவிட்டு, ஹோஸ்ட்டில் நேரடியாக நுழைந்து, எஃபெமரல் போர்ட் குரூப்பில் ஒரு சோதனை விஎம்மை மாட்டி பிங் அடித்துப் பார்க்கிறேன். போன முறை ஒரு ஹோஸ்ட்டில் பிங் வரவில்லை. அதன் எதிர்ப்பக்க ஸ்விட்ச் போர்ட்டில் அந்த விலேனையே அனுமதிக்காமல் விட்டிருந்தேன்.