காஷ்மீர் ஏரிகள் மலையேற்றம்: வழிகாட்டிகளுக்கு முழு மதிப்பெண், அட்டவணைக்கு இல்லை

சோனாமார்கில் தொடங்கி நாராநாகில் முடியும் ஏரிப் பாதையை ஆகஸ்ட் மாதத்தில் ஒரு தனியார் மலையேற்ற நிறுவனத்தின் குழுவோடு நடந்து முடித்தோம். சுமார் 70 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பாதையில் விஷன்சர், கிஷன்சர், கட்சர், சத்சர், நந்த்கோல், கங்காபல் என்று பழங்காலப் பனியாறுகள் குடைந்த பள்ளங்களில் தேங்கிய ஏரிகள் அடுத்தடுத்து வருகின்றன. பல நிறுவனங்கள் ஏறக்குறைய இதே பயணத் திட்டத்தைத்தான் விற்கின்றன என்பதால், இங்கே சொல்வது நாங்கள் போன நிறுவனத்துக்கு மட்டும் பொருந்துவதன்று.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஸ்ரீநகரிலிருந்து வண்டியில் போய், 2,700 மீட்டரை ஒட்டிய சோனாமார்க் முகாமில் ஓரிரவு தங்கவைக்கிறார்கள். மறுநாள் மாலையே சுமார் 3,500 மீட்டரில் இருக்கும் நிச்னாய் முகாமில் படுக்க வேண்டும். 3,000 மீட்டருக்கு மேலே போய்விட்டால் தூங்கும் உயரத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை. ஒரே நாளில் ஏறத்தாழ 800 மீட்டர் ஏறவைத்துவிட்டு, உடல் பழகிக்கொள்ள ஓய்வு நாள் எதையும் தராமல், அடுத்த நாளே 4,100 மீட்டர் உயரமுள்ள நிச்னாய் கணவாயைக் கடக்கச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. கட்டணத்தைக் குறைத்துக் காட்டுவதற்காக ஒரு நாளை வெட்டியிருக்கிறார்கள் என்பதே என் கணிப்பு.

இந்தப் பாதையின் அமைப்பு சிக்கலை இன்னும் கூட்டுகிறது. மலை உயரத்தால் வரும் தலைவலியும் குமட்டலும் முற்றினால் உடனே கீழே இறங்குவதுதான் முதல் மருந்து. ஆனால், சுமார் 3,700 மீட்டரில் இருக்கும் விஷன்சர் ஏரிக்கரையில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால், வந்த வழியே திரும்புவதற்குக்கூட அவர் மீண்டும் 4,100 மீட்டர் உயர நிச்னாய் கணவாய்க்கு ஏறியாக வேண்டும். மறுநாள் வரும் கட்சர் கணவாயோ 4,200 மீட்டரை ஒட்டியது. பாதையிலேயே மிக உயரமான இடம். முன்பதிவின்போது இதை யாரும் விளக்கவில்லை. பாதியில் திரும்புகிறவருடன் துணைக்கு யார் வருவார், குதிரைக்கு யார் பணம் தருவார் என்று எழுதிக் கேட்டதற்கு, "சூழ்நிலையைப் பொறுத்து" என்ற இரண்டு சொற்கள்தான் பதிலாக வந்தன.

இந்த ஓட்டையை அடைத்தவர்கள் வழிகாட்டிகள். காலையும் மாலையும் ஒவ்வொருவர் விரலிலும் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். நிச்னாயில் ஒருவருக்கு எண் மிகவும் தாழ்வாகக் காட்டியது. தலைமை வழிகாட்டி பதறவில்லை; சூடான தேநீர்க் குவளையைக் கைகளால் சற்று நேரம் பிடித்திருக்கும்படி அந்த நபரிடம் சொல்லி, விரல் சூடேறிய பிறகு மறுபடி பார்த்தார். குளிர்ந்த விரலில் இந்தக் கருவி தவறாகக் காட்டும் என்பதை அறிந்த கை அது. கருவியோடு நிறுத்திக்கொள்ளாமல், இரவு சாப்பிட்டீர்களா, தூக்கம் வந்ததா என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டார். கட்சர் ஏற்றத்தில் எல்லோருக்கும் பின்னால் நடந்தவரின் வேகத்துக்கே குழு முழுவதையும் நடத்தியதும் அவர்தான். முன்னால் ஓட நினைத்த இளைஞர்கள் முணுமுணுத்தார்கள், முணுமுணுக்கட்டும். அந்த நிதானத்தால்தான் கீழே விஷன்சரையும் கிஷன்சரையும் ஒருசேர நின்று பார்க்க முடிந்தது.

சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ராஜ்மாவும் சோறும் சூடாகவே வந்தன. இரவில் சூப்பும் உண்டு. கூடாரங்கள் சுமார்தான்: எங்களுடையதன் வெளி ஜிப் பாதியில் நின்றுவிட்டது, விடியற்காலையில் உள்துணியில் கோத்த ஈரம் ஸ்லீப்பிங் பேக்கின் மேல் சொட்டியது. கழிப்பறைக் கூடாரத்தை ஏரியிலிருந்து நன்றாகத் தள்ளி அமைத்தார்கள் என்பதையும், பிஸ்கட் உறைகளைக்கூட மூட்டை கட்டிக் குதிரையில் கீழே கொண்டுவந்தார்கள் என்பதையும் பாராட்ட வேண்டும். மற்றக் குழுக்கள் விட்டுச்சென்ற குப்பையைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கடைசி முகாம் 5,142 மீட்டர் உயரமுள்ள ஹர்முக் சிகரத்தின் அடியில், நந்த்கோல் கரையில் அமைகிறது. 1856இல் நில அளவையாளர் மாண்ட்கோமரி, தொலைவில் தெரிந்த காரகோரம் சிகரங்களுக்குக் கே1, கே2 என்று குறியிட்டது இந்த ஹர்முக் மலையிலிருந்துதான். இதைச் சொல்ல எங்கள் குழுவில் யாரும் இல்லை. நாராநாகில் பழைய கோயில் இடிபாடுகளைப் பார்க்கவும் நேரம் ஒதுக்கவில்லை. வண்டி காத்திருக்கிறது என்று அவசரப்படுத்தினார்கள்.

இதே திட்டத்தில் போக நினைப்பவர்கள், குழு கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே சோனாமார்குக்குப் போய்ச் சொந்தச் செலவில் தங்கி, பகலில் மேலே ஏறி இரவில் இறங்கிப் பழகிக்கொள்வது நல்லது. வழியில் ராணுவச் சாவடிகளில் அசல் அடையாள அட்டையைக் கேட்பார்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. ஸ்ரீநகரில் பேசுவதற்காவது போஸ்ட்பெய்டு எண் ஒன்று கையில் இருக்கட்டும்.