தி சின் ஆஃப் நோரா மோரன் (1933): காசில்லாமல் எடுத்த படம், கண்டிப்பாகப் பாருங்கள்

தொரப்பாடியில் வளர்ந்தவன் நான், பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் ஜெயில் மதில்தான். அதனாலோ என்னவோ, மரண தண்டனைக்குக் காத்திருக்கும் ஒருவரின் கதை என்றால் பாதியில் எழுந்து போக மனசு வராது. போன ஞாயிறு, வேலூர் வெயிலில் வாசலில் கால் வைக்க முடியாமல் கதவைச் சாத்திவிட்டு இதைப் பார்த்தேன். 65 நிமிடம்தான்.

மெஜெஸ்டிக் பிக்சர்ஸ் என்ற சின்ன கம்பெனியின் படம், இயக்கம் ஃபில் கோல்ட்ஸ்டோன். பணம் இல்லை என்பது பார்த்ததுமே தெரிகிறது, நாலு சுவர், ஒரு மேசை, எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய துண்டுக் காட்சிகள். ஆனால் கதை சொல்லும் விதம் இருக்கிறதே! கவர்னரின் மனைவி கையில் காதல் கடிதங்கள் சிக்குகின்றன, அரசு வழக்கறிஞரான அவளுடைய சகோதரர், மரண தண்டனை பெற்ற நோராவின் கதையைச் சொல்ல ஆரம்பிக்கிறார், அந்தக் கதைக்குள் நோராவின் நினைவு, நினைவுக்குள் மருந்து மயக்கம், மயக்கத்தில் அவள் தன் பழைய வாழ்க்கையை மறுபடி வாழ்கிறாள், ஆனால் இந்தத் தடவை அடுத்து என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். பேசும் படம் வந்து ஆறேழு வருஷம்கூட ஆகாத காலத்தில் இப்படி யோசித்திருக்கிறார்கள்.

பக்கத்தில் அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் வராது. ஓர் இடத்தில் சத்தம் நின்றது, திரும்பினால் முறம் மடியில், "ஏன்டா, அவளுக்கு முன்னாடியே தெரியுதா?" என்றார். வசனமே புரியாதவருக்கு அதைப் புரியவைத்தது நோராவாக நடித்த சீட்டா ஜோஹானின் கண்கள். 1932இல் தி மம்மியில் நடித்தவர், இதில் இன்னும் ஒரு படி மேல்.

குறையும் உண்டு. கவர்னராக வரும் பால் கவனா விறைப்பாகவே நிற்கிறார், நோரா இத்தனை உருகுவதற்கு அவரிடம் என்ன இருக்கிறது என்று கடைசிவரை எனக்குப் புரியவில்லை. வழக்கறிஞர் சில இடங்களில் மேடைப் பேச்சு பேசுகிறார். அப்புறம், ஆல்பெர்டோ வார்கஸ் வரைந்த அந்தப் புகழ்பெற்ற போஸ்டரை வைத்துக் கவர்ச்சிப் படம் என்று நினைத்துவிடாதீர்கள், ஓவியம் அருமை, ஆனால் படத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இணையத்தில் கிடைக்கும் மங்கலான பிரதியை முதலில் பார்த்துவிட்டு, முகமே தெரியாமல் பாதியில் நிறுத்தியிருந்தேன். கலிஃபோர்னியாவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத் திரைப்பட ஆவணக் காப்பகம் சீரமைத்த பிரதியைத் தேடிப் பிடியுங்கள்.