ரிச்சி தெருவில் அப்பாவின் கணினியைப் பிரித்தபோது

மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்கு எதற்காகப் போவார்கள், அங்கே எப்படிப் பேரம் பேசுவார்கள் என்பதெல்லாம் இங்கே படிப்பவர்களுக்குத் தெரியும். இந்த முறை ஊருக்கு வந்தபோது அங்குள்ள ஒரு சிறிய கடையில் அப்பாவின் பழைய கணினியைப் பிரித்த முறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். டொரண்டோவில் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தும் அப்படி ஒரு நேர்த்தியை நான் பார்த்ததில்லை.

2010-இல் கும்பகோணத்தில் வாங்கிய கணினி அது. கோர் 2 டியோ பிராசஸர், ஜி41 சிப்செட் மதர்போர்டு. அப்பா பார்த்துக்கொள்ளும் கோயில் கணக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது. அது ஆன் ஆகாமல் போனதும் ஊரில் ஒரு கடைக்காரர் எடுத்துச் சென்று, வாரக்கணக்கில் வைத்திருந்துவிட்டு, "போர்டு போயிடுச்சு சார், புதுசு வாங்கிக்குங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எதைக் கழற்றினார், எதைச் சோதித்தார் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

ரிச்சி தெருக் கடையிலிருந்த இளைஞரோ, ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதற்கு முன்பே கோடு போட்ட நோட்டையும் கார்பன் தாளையும் எடுத்து வைத்தார். "ஆன் ஆகாத மெஷின்ல உள்ள என்னென்ன இருக்குன்னு சாஃப்ட்வேர் போட்டுப் பாக்க முடியாதுண்ணே, ஸ்டிக்கரைப் பாத்து எழுதினாத்தான் உண்டு" என்றார். எனக்கு ஒரு ஸ்டூலும் கிடைத்தது. டொரண்டோவில் கவுன்டருக்கு அப்பால் நம்மை விடவே மாட்டார்கள்; அங்கே எனக்குக் கிடைத்த ரசீதில் 'டெஸ்க்டாப், கறுப்பு, ஒன்று' என்பதற்கு மேல் எதுவும் இருந்ததில்லை. சோதனைக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு, பழுது பார்ப்பது கட்டுப்படியாகாது என்று மின்னஞ்சல் அனுப்புவதோடு அவர்கள் வேலை முடிந்துவிடும்.

கேபினட்டின் பக்கப் பலகையைக் கழற்றியதும், எந்த ஒயர் எங்கே செருகியிருக்கிறது என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, தெருவோரம் கொண்டுபோய் ப்ளோயரால் ஊதினார். கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்தபோது உள்ளே பல்லி முட்டை ஓடுகள் கிடந்தன. அதைத் துடைத்து மூடி, 24 பின் பிளக்கில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு கம்பியால் இணைத்துத் தனியாக ஓட விட்டு, 12, 5, 3.3 வோல்ட் மூன்றும் சரியாக வருகின்றனவா என்று மல்ட்டிமீட்டரில் பார்த்து எழுதினார். பிராசஸரின் சூட்டைத் தணிக்கும் ஹீட் சிங்க்கின் நான்கு பிடிகளையும் திருகி விடுவித்ததும், இரண்டுக்கும் நடுவே சுண்ணாம்பாகக் காய்ந்திருந்த தெர்மல் பேஸ்ட்டைத் துணியால் துடைத்தார். அதற்கு அடியில் பிராசஸர் மேல் பொறித்திருந்த 'இ7500' என்ற எண்ணையும் 2.93 கிகாஹெர்ட்ஸ் என்பதையும் வாய்விட்டுப் படித்தபடி குறித்துக்கொண்டார். 500 ஜிபி ஹார்டு டிஸ்க்கின் சீரியல் எண்ணை மட்டும் என்னையும் ஒருமுறை சரிபார்க்கச் சொன்னார். 3 வோல்ட் இருக்க வேண்டிய சிஆர்2032 பேட்டரி மிகவும் இறங்கியிருந்ததால், அதற்கு நேராக 'மாத்தணும்' என்று எழுதினார்.

உடம்பில் சேரும் நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுக்காமல் தடுக்கும் பட்டை எதையும் அவர் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளவில்லை என்பது எனக்கு உறுத்தியது. கனடாக் குளிர்காலத்தின் வறண்ட காற்றில் அப்படி ரேமை (நினைவகத்தை) தொட நான் துணிய மாட்டேன். சென்னையின் ஈரக்காற்றில் ஆபத்து குறைவு என்றாலும், அடுத்தவர் பொருளில் கை வைக்கும்போது அது இருந்திருக்க வேண்டும்.

ரேம் ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் மூன்று கெபாசிட்டர்கள் கெட்டுப்போய்த் தலை உப்பியிருந்தன. 1000 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட் என்று அவற்றின் மேலிருந்ததைப் பட்டியலில் ஏற்றிவிட்டு, அதே அளவில் பக்கத்துக் கடையிலிருந்து வாங்கி வந்து சால்டர் செய்தார். 'போய்விட்ட' போர்டு அன்று மாலையே உயிர் பெற்றது. ஆனால் ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு, "அதெல்லாம் ஓனர் வந்தாத்தாண்ணே" என்று சொல்லிவிட்டார். இவ்வளவு கவனமாக எழுதத் தெரிந்த கடையில் ஒரு பில் எழுத முடியாதது எனக்குப் புரியவே இல்லை.

கார்பன் நகலில் ரேமுக்கு எதிரே 'டிடிஆர்2, பிசி2-6400, 1 ஜிபி, ஒன்று' என்றிருந்தது. அப்பா பத்திரமாக வைத்திருந்த 2010-ஆம் ஆண்டு பில்லிலோ 2 ஜிபி, இரண்டு என்றிருக்கிறது. முன்பெல்லாம் கணினியைப் பழுது பார்க்கக் கொடுத்தால், எதையும் மாற்றிவிடக் கூடாதே என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருப்போம். எழுபதைத் தாண்டிய அப்பாவால் இப்போது அது முடியுமா?

"விடுப்பா, கேட்டு என்ன ஆகப்போவுது" என்று அவர் தடுத்தும், இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு ஊர்க் கடைக்குப் போனேன். "எங்ககிட்ட வரும்போதே ஒண்ணுதான் சார் இருந்துச்சு" என்றார் கடைக்காரர். இடையில் வேறு யாரும் அதைத் திறந்ததில்லை என்று அப்பா உறுதியாகச் சொல்கிறார். ஆனால் கணினியை வாங்கிக்கொண்ட அன்று உள்ளே என்னென்ன இருந்தன என்று அந்தக் கடையில் யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் அதற்கு மேல் அவரிடம் பேச என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.