படகு கேஸ் லைன் சோதனை: அசையாத முள்ளைப் பார்த்து ஏமாறாதீர்கள்

"சார், முள்ளு அசையவே இல்ல பாருங்க." பிரஷர் கேஜைக் காட்டி இப்படிச் சொல்லிவிட்டு, சான்றிதழில் கையெழுத்துப் போட்டு, முழுச் சோதனைக்கான கூலியையும் வாங்கிக்கொண்டு போனார் எங்கள் படகுக்கு வந்த டெக்னீஷியன். முள் எப்படி அசையும்? சிலிண்டர் வால்வை அவர் மூடவே இல்லை. லைனில் எங்கே கசிந்தாலும் சிலிண்டர் அதை நிரப்பிக்கொண்டே இருக்கும்.

கேஜ் ரெகுலேட்டருக்கு முன்னால், சிலிண்டர் பக்கம் இருக்க வேண்டும். அடுப்பின் குமிழ்களை எல்லாம் மூடிவிட்டு, சிலிண்டர் வால்வையும் சோலனாய்டு வால்வையும் (சிலிண்டர் வைக்கும் லாக்கரிலிருந்து கேபினுக்குப் போகும் கேஸை சுவிட்சால் திறந்து மூடும் மின் வால்வு) திறந்து லைனில் கேஸை ஏற்றுங்கள். பிறகு சிலிண்டர் வால்வை மட்டும் மூடி, முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 3 நிமிடம் என்பது குறைந்தபட்சம். சிறு கசிவு அதற்குள் பிடிபடாமல் போகலாம் என்பதால் 15 நிமிடம் விடுவதே நல்லது. வெயில் ஏறினாலும் இறங்கினாலும் முள் கொஞ்சம் நகரும், அந்த நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். முள் இறங்கினால் மறுபடி கேஸை ஏற்றி, இந்த முறை சோலனாய்டையும் மூடிப் பாருங்கள். அப்போதும் இறங்கினால் கசிவு லாக்கருக்குள்ளேயே இருக்கிறது. நின்றுவிட்டால் கேபின் பக்கம்தான்.

இப்படிச் செய்ததும் எங்கள் லைனில் முள் இறங்கியது. சோலனாய்டை மூடியதும் நின்றது. கடைசியில் அடுப்புக்குப் பின்னால் செம்புக் குழாயின் ஃப்ளேர் இணைப்பில் (குழாயின் வாயை விரித்து நட்டால் இறுக்குவது) சோப்பு நுரை குமிழியிட்டது. நட்டைக் கழற்றினால் மரையில் டெஃப்லான் டேப் சுற்றியிருக்கிறது! ஃப்ளேரில் உலோகம் உலோகத்தோடு நேராக உட்கார்ந்துதான் அடைக்க வேண்டும். டேப் அங்கே ஒன்றையும் அடைக்காது, சரியாக உட்காரவிடாமல் கெடுக்கத்தான் செய்யும். அது கூம்பு மரைக்கு உரியது. சோப்புக் கரைசலில் அமோனியா இருக்கக் கூடாது, பித்தளை விரிசல் விடும். தீக்குச்சி வைத்துப் பார்ப்பவரை உடனே படகிலிருந்து இறக்கிவிடுங்கள்.

'புது ஹோஸ்' என்று பில்லில் இருந்தது. ஹோஸின் மேல் அச்சிட்ட வருடத்தைப் பார்த்தால் அது கடையில் கிடந்து பழசானது. போதாக்குறைக்கு கிளிப்பை முறுக்கிய வேகத்தில் ரப்பர் வெட்டுப்பட்டிருந்தது. விரலால் மடக்கினால் வெடிப்பு விரிந்தது. பில்லுக்குப் பணம் கொடுக்கும் முன் அந்தத் தேதியை நீங்களே படித்துப் பாருங்கள்.

இதைவிட மோசம் லாக்கரின் வடிகால். புரொப்பேன் காற்றைவிட ஏறக்குறைய 1.5 மடங்கு, பியூட்டேன் 2 மடங்கு கனம். கசிந்த கேஸ் கிண்ணத்தில் தண்ணீர் தேங்குவதுபோலப் படகின் அடியில் தேங்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பின் சுவிட்சே அந்தப் பொறியாகலாம். அதனால்தான் லாக்கரின் அடியிலிருந்து ஒரு குழாய் நீர்மட்டத்துக்கு மேலே படகுக்கு வெளியே திறக்க வேண்டும், வழி முழுக்கச் சரிவாகவே போக வேண்டும். எங்கள் குழாயோ நடுவில் தொங்கி, அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நின்றிருந்தது. கேஸ் அதைத் தாண்டிப் போகாது. லாக்கரில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, அது முழுவதும் வெளியே வருகிறதா என்று பார்த்திருந்தால் ஒரு நிமிட வேலை.

கேஸ் அலாரத்தின் சென்சார் தாழ்வாக இருக்க வேண்டும். அதன் அருகே சிலிகான் சீலன்ட் பூசினால் அந்த ஆவியே சென்சாரைக் கெடுத்துவிடும். அடுப்பு அணைந்தால் சுமார் ஒரு நிமிடத்துக்குள் கேஸ் தானாக நிற்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது வந்த பதில்: சான்றிதழின் அடியில் பொடி எழுத்தில் 'கண்ணால் பார்த்த சோதனை மட்டும்' என்று இருக்கிறதாம். தொடக்க அழுத்தம், முடிவு அழுத்தம், காத்திருந்த நிமிடம், சோதித்த இணைப்புகள் என்று நான்கும் எழுத்தில் இல்லாத சான்றிதழுக்குக் காசு கொடுக்காதீர்கள்.