பள்ளி விடும் நேரத்துத் தெரு: ஒருவழியா, கயிறா, மைதானமா?

கீழக்கரையில் எங்கள் தெருவின் அகலம் 14 அடி. ஒரு பக்கம் வாறுகால் (சாக்கடை), மறுபக்கம் வீட்டுப் படிகள். வண்டி ஓட மிஞ்சுவது 11 அடி இருந்தால் அதிகம். சின்ன கார் ஒன்றே ஐந்தரை அடி அகலம் இருக்கும். அது ஓரமாக நின்றுவிட்டால் மீதி ஐந்தரை அடி. 108 ஆம்புலன்ஸுக்கு ஆறடிக்கு மேல் வேண்டும். தெருவின் நடுவில் பள்ளிக்கூடம் இருக்கிறது.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் அடுத்த வீட்டு மாமிக்கு மூச்சுத் திணறல். பள்ளி விடும் நேரம். வாசலை அடைத்து நின்ற காரில் இருந்தவரிடம் ஓடினேன். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்.

"காக்கா, வண்டியைக் கொஞ்சம் முன்னாடி எடுங்க."

"ரெண்டே நிமிஷம் தம்பி, பிள்ளை வந்துரும்."

அவர் மேல் கோபமில்லை. முன்னாடி எடுக்க அவருக்கும் இடமில்லை. மாமியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு, பைக்குகளுக்கு நடுவே நெளிந்து நெளிந்து தெருமுனைக்குப் போய்த்தான் ஆட்டோவில் ஏற்றினோம். மாமி இப்போது நன்றாக இருக்கிறார். அதற்குப் பிறகு தெருவில் நாலு பேர் கூடினாலே இந்தப் பேச்சுதான்.

யோசனைகளை எடை போடுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காலை நெரிசலும் மாலை நெரிசலும் ஒன்றல்ல. காலையில் பிள்ளையை இறக்கி, பையை மாட்டிவிட்டுக் கிளம்ப அரை நிமிடம். அப்போது வண்டிகள் ஓடுகின்றன, ஒன்றுக்கொன்று எதிரே வந்து முட்டிக்கொள்கின்றன. மாலையில் மணி அடிப்பதற்குக் கால்மணி நேரம் முன்பே வந்து இடம் பிடித்து நிற்கின்றன. காலையில் சிக்கல் ஓட்டத்தில், மாலையில் நிறுத்தத்தில். ஒரே மருந்தை இரண்டுக்கும் கொடுக்கப் பார்ப்பதால்தான் பேச்சு முடியாமல் இழுக்கிறது.

ஒருவழிப்பாதையைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். காலைக்கு அது நல்ல யோசனை. வேனும் ஆட்டோவும் எதிரெதிரே மாட்டிக்கொண்டு, ஒன்று பின்னால் வரும்போது வாறுகால் மூடி உடைவதை வாரம் ஒரு தடவையாவது பார்க்கிறோம். அது நிற்கும். ஆனால் எதிரே வண்டி வராது என்று தெரிந்தால் பைக் ஓட்டுபவர் கை ஆக்ஸிலேட்டரை முறுக்கும், அந்த நேரத்தில் தெரு முழுக்கச் சின்னப் பிள்ளைகள். சுற்றிப் போக வேண்டிய பக்கத்துத் தெரு இதைவிடக் குறுகல், குடம் ஏற்றிய தள்ளுவண்டிகள் அதில்தான் போகின்றன. மாலைக்கோ இதனால் எந்தப் பயனும் இல்லை. நிற்கும் வண்டிக்கு எந்த வழியாக இருந்தால் என்ன?

இரண்டாவது, கயிறு. பள்ளி தொடங்கும்போதும் விடும்போதும் தெருவின் இரு முனையையும் அரைமணி நேரம் அடைத்து, தெருவாசிகளையும் அவசர வண்டிகளையும் மட்டும் விடுவது. இத்தாலியின் போல்சானோ நகரத்தில் 1989-இலேயே இதைத் தொடங்கிவிட்டார்கள், பிறகு ஐரோப்பாவின் பல ஊர்களுக்குப் பரவியது. நம் தெருவுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். பிள்ளைகள் தெரு நடுவே நடக்கலாம், ஆம்புலன்ஸ் வந்தால் கயிற்றை அவிழ்த்தால் போதும். ஆனால் கயிற்றை மட்டும் கட்டினால், உள்ளே நின்ற அத்தனை வண்டியும் தெருமுனையில் போய் நிற்கும். அங்கே பஸ் வேறு திரும்ப வேண்டும். எங்கள் தலைவலியை மெயின் ரோட்டுக்காரர்களுக்குக் கொடுத்தது போலாகிவிடும். எல்.கே.ஜி. பிள்ளைகளை மதியமே விடுகிறார்கள். வெள்ளிக்கிழமை அது ஜும்ஆ தொழுகைக் கூட்டத்தோடு சேர்ந்துகொள்கிறது, அன்றைக்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

அதனால்தான் மூன்றாவது யோசனையில் என் மனம் நிற்கிறது. தெருவுக்கு வெளியே, ஐந்து நிமிட நடையில் ஒரு காலி மைதானம் இருக்கிறது. வண்டிகள் அங்கே நிற்கட்டும், பிள்ளைகள் கூட்டமாக நடந்து வரட்டும், முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒருவர். 1990-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் டேவிட் எங்விக்ட் என்பவர் 'நடைப் பேருந்து' என்று முன்வைத்தது இதைத்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டூவீலருக்கு ஆள் இறங்கி ஏறும் இடத்தோடு 20 சதுர அடி என்றால், 100 வண்டிக்கு 2,000 சதுர அடி. ஐந்து சென்ட் நிலம் போதும். அதே 100 வண்டியைத் தெருவில் வரிசையாக நிறுத்தினால், வண்டிக்கு மூன்றடி வைத்தாலும் 300 அடி நீளம் போய்விடும்.

பெற்றோர் சொல்லும் தடைகள் நியாயமானவை. வெயில். ஐப்பசி, கார்த்திகையில் மைதானத்தில் முழங்கால் தண்ணீர். இடுப்பில் கைக்குழந்தையோடு ஸ்கூட்டியில் வரும் லாத்தா (அக்கா) ஐந்து நிமிடம் எப்படி நடப்பார்? நான்கு டிராக்டர் கிராவல் அடித்து மேடாக்கினால் தண்ணீருக்கு வழி பிறக்கும். கைக்குழந்தையோடு வருபவரையும் நடக்க முடியாத பிள்ளைகளையும் வாசல்வரை விட வேண்டும், அதில் பேச்சே இல்லை. பள்ளி வாகனங்களில் உதவியாளர் இருக்க வேண்டும் என்று தமிழக அரசின் 2012 விதிகளே சொல்கின்றன. பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப் போக அந்த உதவியாளர்கள் கைகொடுக்கலாம்.

வகுப்புக்கு வகுப்பு மணி மாற்றுவது நல்லதுதான், ஆனால் ஒரே வீட்டில் மூன்றாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் இருந்தால் தாய் இரண்டு தடவை வர வேண்டும். பள்ளிக்குள்ளேயே வண்டியை விடுவது வேண்டவே வேண்டாம், அந்த முற்றத்தில்தான் பிள்ளைகள் ஓடியாடுகிறார்கள். போலீஸ் இரண்டு நாள் நிற்பார், மூன்றாம் நாள் வேறு பந்தோபஸ்துக்குப் போய்விடுவார்.

ஆக, என் கணக்கு இது. காலையில் ஒருவழி மட்டும். மாலையில் மைதானமும் கயிறும் சேர்ந்து. மைதானத்தைச் சரிசெய்யாமல் கயிறு கட்டவே கூடாது. இதற்கு வருடக்கணக்கில் அலைய வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 115-ஆம் பிரிவில் போக்குவரத்துக் கட்டுப்பாடு போட வழி இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்படாத கட்டுப்பாடு என்றால் அரசிதழ் அறிவிப்புகூடத் தேவையில்லை, உள்ளூரில் தெரியப்படுத்தினால் போதும். ஒரு மாதம் வெள்ளோட்டம் பார்க்க அது தாராளம்.

நகராட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் கொடுக்க மனு எழுதியாகிவிட்டது. ஜூனில் பள்ளி திறக்கும்போது தொடங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். செவ்வாயும் வியாழனும் கயிற்றடியில் நான் நிற்கிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டேன். திங்களுக்கும் புதனுக்கும் ஆள் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு மட்டும் இன்னும் இரண்டு பேர் வேண்டும்.