உறிஞ்சு குழாய்க்கு மரை வெட்டக் கொடுக்கும் முன் டையைப் பாருங்கள்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் வயலில் இருப்பது பில்டர் பாயிண்ட், அதாவது அடியில் வடிகட்டிக் குழாய் வைத்த ஆழம் குறைந்த குழாய்க் கிணறு. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம் என்றாலும், கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும்வரை காத்திருந்தால் குறுவை நாற்றங்கால் பிந்திவிடும் என்பதால், மோட்டாரை நம்பித்தான் விதை விடுகிறோம். இந்த முறை துருப்பிடித்த இரண்டு அங்குல உறிஞ்சு குழாயை மாற்றுவதற்காக, நகரத்துப் பட்டறை ஒன்றில் மூன்று ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்களுக்கு, டை என்ற வெட்டுக் கருவியால் மரை, அதாவது திருகுப் பள்ளம், வெட்டி வாங்கினேன்.

குழாய்களை இணைக்கும் சாக்கெட் நான்கு சுற்றுக்குள் இறுகி நின்றது. நல்ல பிடிப்பு என்று நினைத்தோம். பம்பில் நீர் ஊற்றி ஓட்டினால் சில நிமிடம் இறைக்கும், பிறகு காற்று வாங்கி நின்றுவிடும். உறிஞ்சும் பக்கத்தில் குழாய்க்குள் அழுத்தம் வெளியைவிடக் குறைவு என்பதால் இணைப்பில் நீர் கசியாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் குற்றம் எங்கே என்று கண்ணுக்குத் தெரியவில்லை. செக் வால்வை மாற்றினோம், பம்பின் சீலை மாற்றினோம். பட்டறைக்காரர் இரண்டு முறை வந்து, சணலைக் கூடுதலாகச் சுற்றி, இணைப்பை அடைக்கும் வெள்ளை லெட் பசையும் தடவி, இரண்டு முறையும் கூலி வாங்கிக்கொண்டு போனார்.

எங்கள் ஊரில் வயதான பிட்டர் ஒருவர் பழைய குழாயின் மரையைப் புதிய மரையோடு பக்கவாட்டில் சேர்த்து வைத்து, "இது நம்ம மரை இல்லை தம்பி, பல்லு பள்ளத்துல உட்காரல பாரு" என்றார். நம் நாட்டுக் குழாய்களுக்கு வெட்டப்படும் பி.எஸ்.பி.டி. மரை, இரண்டு அங்குலக் குழாயில் அங்குலத்துக்கு 11 பல், 55 பாகைக் கோணம். அமெரிக்க முறையான என்.பி.டி. மரையோ பதினொன்றரைப் பல், 60 பாகை. முனையை நோக்கி மரை மெலிந்துபோகும் சரிவு இரண்டிலும் பதினாறுக்கு ஒன்றுதான் என்பதால் முதல் சில சுற்றுகள் ஏமாற்றிவிடும்; ஆனால் ஒவ்வொரு பல்லுக்கும் 0.1 மில்லிமீட்டர் விலகிக்கொண்டே போய், பாதி வழியில் பற்கள் ஒன்றோடொன்று மோதி இறுகும். அந்த இறுக்கத்தில் காற்றை அடைக்கும் திறன் இல்லை. எவ்வளவு சணல் சுற்றினாலும் வராது.

பட்டறைக்குப் போய் டையை வாங்கிப் பார்த்தேன், என்.பி.டி. என்றே பொறித்திருந்தது. பழைய மெஷினோடு வந்த டை என்றும், அரை, முக்கால் அங்குலக் குழாய்களுக்கு அதில் வெட்டிக் கொடுத்து யாரும் குறை சொன்னதில்லை என்றும் அவர் கூறினார். அந்த அளவுகளில் இரண்டு முறைக்கும் 14 பல்தான் என்பதால் குறை உடனே தெரிவதில்லை; ஒரு அங்குலத்திலிருந்துதான் எண்ணிக்கை மாறுகிறது. அது தெரிந்தே எங்களிடம் இரண்டு முறை சணலுக்குக் கூலி வாங்கியிருக்கிறார் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பணத்தையும் திருப்பித் தரவில்லை.

மரை வெட்டக் கொடுப்பவர்கள், நன்றாக ஓடிய பழைய குழாயின் முனை ஒன்றை அறுத்துக் கையோடு கொண்டுபோங்கள். இரண்டு மரைகளையும் சேர்த்துப் பிடித்தால் இடையில் வெளிச்சம் தெரியக் கூடாது. சாக்கெட்டின் உள்மரை நேராக இருப்பது நம் ஊரில் வழக்கம்தான், அது குறையில்லை. குழாயின் வெளிமரைக்கு மட்டும் சரிவு கட்டாயம் வேண்டும். சாக்கெட் கையாலேயே கடைசி மரைவரை ஓடினால் சரிவு இல்லை என்று பொருள், அந்தக் குழாயை வாங்காதீர்கள்.

எங்கள் குழாய்களின் முனைகளை அறுத்துவிட்டு வேறு பட்டறையில் புதிதாக மரை வெட்டி, குறைந்த நீளத்துக்கு நிப்பிள் (இரு முனையிலும் மரை உள்ள குட்டைக் குழாய்) போட்டு மாட்டியபின் பம்ப் நிற்காமல் இறைக்கிறது. அறுத்த முனைகளை எறியாமல் வைத்திருக்கிறேன். அக்கம்பக்கத்தில் குழாய் மாற்றப் போகிறவர்கள் வந்தால் பழைய மரையோடு சேர்த்துக் காட்டுகிறேன்.