அட்மினே இல்லாத சாட் ஆப், ஒரு மாசம் யூஸ் பண்ணி பார்த்தாச்சு

நெட், சிம் எதுவும் வேணாம், ப்ளூடூத்துலயே ஓடுற மெஷ் (பக்கத்துல இருக்கிற போன் ஒவ்வொண்ணா தாவி மெசேஜ் போற) சாட் ஆப் ஒண்ணு. பேரு வேணாம், இந்த வகையில எல்லாமே கிட்டத்தட்ட ஒண்ணுதான். சிக்னலே இல்லாத மலைக்கு ஆறு பேரு டிரெக்கிங் போனப்போ டெஸ்ட் பண்ணோம், கடைசியா வந்த நான் "நில்லுடா, ஷூ பிஞ்சுபோச்சு"ன்னு முன்னாடி போனவனுக்கு அனுப்புறேன், அவன் என் ரேஞ்சுலயே இல்ல, நடுவுல நடந்தவனுங்க போன் வழியா தாவித் தாவிப் போய் சேர்ந்துடுச்சு, அவனுங்களுக்கே அது தெரியாது. ஒருத்தனை போனை ஆஃப் பண்ணச் சொன்னோம், அப்பவும் இன்னொருத்தன் வழியா சுத்திப் போச்சு. செம.

வீட்டுக்கு வந்து மாமாகிட்ட காட்டினேன், ரிட்டயர்ட் ஆபீசர். "இதுக்கு அட்மின் யாரு?"ன்னாரு. யாரும் இல்ல மாமா. "சர்வர் எங்க இருக்கு?" அதுவும் இல்ல. "அதெப்படிப்பா, எவனாவது பின்னாடி இருந்து ஆட்டி வைப்பான்ல?"

சர்வாதிகாரிங்க மாட்டிக்கிறது இதே கேள்வியிலதான். 2019ல, கைதிகளை சீனாவுக்கு அனுப்ப வழி பண்ற மசோதாவை எதிர்த்து ஹாங்காங்ல நடந்த போராட்டத்துல பிரிட்ஜிஃபைன்னு இதே மாதிரி ஆப் ஓடுச்சு. தலைவர்னு யாரும் கிடையாது, முன்வரிசையில ஒருத்தன் தலையில கைய வச்சு காட்டினா ஹெல்மெட் வேணும்னு அர்த்தம், அந்த சைகை பின்னாடி வரைக்கும் போய் ஹெல்மெட் கை மாறி கை மாறி வரும், ஆர்டர் போட்டது யாருன்னு கேட்டா யாரைச் சொல்றது? பெய்ஜிங் அதிகாரிங்க அந்நியக் கைன்னாங்க. ஆகஸ்ட் 30 ஜோஷுவா வோங்கை (2014 போராட்டத்துல பிரபலமான மாணவர் தலைவர்) அரெஸ்ட் பண்ணாங்க, ஜூன் 21 போலீஸ் தலைமையக முற்றுகைக்கு தூண்டினார்னு கேஸ். ஆனா ஜூன் 9 பெரிய பேரணி நடந்தப்போ அந்த ஆளு ஜெயில்ல இருந்தாரு, 17ஆம் தேதிதான் வெளியவே வந்தாரு! அரெஸ்டுக்கு மறுநாள் பேரணிக்கு பெர்மிஷன் கூட இல்ல, அப்பவும் கூட்டம் அள்ளுச்சு. தன்னைச் சுத்தி இருக்கிறவன் எவனும் உத்தரவு இல்லாம எழுந்து கூட நிக்க மாட்டான், அதையே பார்த்துப் பழகினவனுக்கு சும்மா ஒருத்தன் தெருவுக்கு வந்தான்னா எப்படி நம்பிக்கை வரும்.

எகிப்துலயும் இதே கதைதான், அதிபர் முபாரக்குக்கு எதிரான போராட்டத்தை அடக்க 2011 ஜனவரி 28 அரசாங்கம் நெட்டையே புடுங்கிச்சு. வீட்ல உக்காந்து பார்த்துட்டிருந்தவனும் என்னதான் நடக்குதுன்னு தெருவுக்கு வந்துட்டான்.

அதுக்காக இதெல்லாம் சூப்பர்னு சொல்ல மாட்டேன். ஸ்டேஷன் கூட்டத்துல ஆப்பைத் திறந்தேன், எவனோ ஒருத்தன் ஒரே வரியை நூறு தடவ போட்டுட்டே இருக்கான், தூக்கி வெளிய போட ஆள் இல்ல. ஹாங்காங்லயும் செப்டம்பர் 4 அந்த மசோதாவை வாபஸ் வாங்குறோம்னு அரசாங்கம் சொன்னப்போ, இருந்தது அஞ்சு கோரிக்கை, எல்லார் சார்பாவும் உக்காந்து பேச ஒருத்தர் கூட இல்ல. பாதுகாப்பும் கேள்விக்குறி, 2020ல பிரிட்ஜிஃபையை ஆராய்ச்சியாளருங்க நோண்டிப் பார்த்தா அடுத்தவன் மெசேஜைப் படிக்கலாம், ஒரே ஒரு மெசேஜ்ல மொத்த நெட்வொர்க்கையும் படுக்க வைக்கலாம்னு தெரிஞ்சுது, அப்புறம்தான் என்க்ரிப்ஷனை மாத்தினாங்க. எனவே நம்பி ரகசியம் பேசுறது உங்க சாமர்த்தியம். பேட்டரி வேற தண்ணியா கரையுது.

மூணு ஸ்டார். மாமாவும் இன்ஸ்டால் பண்ணிட்டாரு, பேரு கேட்ட இடத்துல "அட்மின்"னு போட்டு வச்சிருக்காரு.